உப்பில்லாத டோஃபு

என் அண்ணன் சுடலைக்கண்ணு பதினோரு வருஷமாக என் வீட்டு உப்பைத் தொட்டதில்லை. வருவார், போவார். காபி குடிப்பார். வாழைப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் அதெல்லாம் சாப்பாட்டில் சேராது. உப்புச் சேர்ந்த ஒரு வாய் உள்ளே போனால்தான் அந்த வீட்டில் சாப்பிட்டதாக அர்த்தம். அந்த ஒரு வாய்க்காக நான் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். மனிதர் அசையவில்லை.

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் நின்று சமாளித்துக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள்.

என் பெயர் ஆவுடைத்தாய். கோவில்பட்டியில் சமையக்கார ஆவுடை வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்களே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். கோயில் கொடை, சடங்கு, கல்யாணம் என்று முப்பது வருஷமாகப் பெரிய பாத்திரத்தில் கரண்டி போட்டவள் நான். கொடைக்குப் படைக்கிற சோற்றைச் சாமிக்கு முன்னால் மனுஷ நாக்கு தொடக் கூடாது. அதனால் உப்பு, காரம் எதையும் ருசி பார்க்காமலே போட்டுப் பழகினேன். பழகிப் பழகி வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற பொம்பளைகளைக் கண்டால் எனக்கு இளக்காரம். என் கைக்கு உப்புத் தெரியும். கொதிக்கும்போது வருகிற வாசனையிலேயே கூடவா குறைவா என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெருமைதான் என்னை ரெண்டு தடவை குப்புறத் தள்ளியது.

முதல் தடவை, மகள் மாரிசெல்வியின் சடங்கு. தாய்மாமன் சீரை அண்ணன்தான் கொண்டுவர வேண்டும். அவருக்கு ஊர் குளத்தூர்ப் பக்கம். ஆடுதான் பிழைப்பு. பட்டு, மாலை, வெண்கலப் பானை எல்லாவற்றோடும் ஒரு கிடாயையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெரிய கிடா. கொம்பு ரெண்டும் சுருண்டு கிடந்தது. சொந்த வீட்டு விசேஷத்தில் நான் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று சொல்லி வேறு ஆளைச் சமையலுக்கு வைத்திருந்தார்கள். பந்தியில் பார்த்தால் கறி நார் நாராக நிற்கிறது. பல் இல்லாதவர்கள் முழிக்கிறார்கள். சொந்தக்காரி ஒருத்தி, "ஊருக்கெல்லாம் பொங்கிப் போடுத ஆவுடை வீட்டுல கறி வேவலயே" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

"வேவாததுக்கு நான் என்ன செய்ய? எங்க அண்ணன் கெழட்டு ஆட்டத் தள்ளி விட்டுட்டாருல்லா!" என்றேன்.

பந்தியே சிரித்தது. நாலாவது இலையில் அண்ணன் உட்கார்ந்திருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, மருமகளுக்கு மாலை போட்டு, செய்ய வேண்டிய சீரையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து, சத்தமே இல்லாமல், "இனிமே ஒன் வீட்டு உப்பு எனக்கு வேண்டாம்ட்டி" என்றார்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, போனில் சொன்னாள். அந்த வருஷம் மழை இல்லை. நோய் விழுந்து அவர் கிடையில் பாதி ஆடு செத்துப்போயிருந்தது. பெட்டை ஆடுகளோடு சேர்க்க மிஞ்சியிருந்த ஒரே பொலிகிடா அது. அதை அறுத்துவிட்டால் அடுத்த ஈத்துக்கு வேறு யாரிடமாவது போய் நிற்க வேண்டும். "மருமவ சடங்குக்குக் கொறையாக் கொண்டு போவக் கூடாது" என்று அதையே ஏற்றிவிட்டிருக்கிறார். பொலிகிடாய்க் கறி வேக நேரமாகும். சமையல்காரியாக நான் சொன்னது சரி. தங்கச்சியாக நான் சொன்னது அக்கிரமம்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய், "அண்ணே, நான் பேசினது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. வீம்பு. அண்ணன்தானே, எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன். நாளாக ஆக அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மாரிசெல்வி கல்யாணத்துக்கு எல்லாச் சடங்கும் செய்துவிட்டு, மத்தியானம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. என் கூடப் பிறந்தவர் மட்டும் ஓட்டலில். அன்றைக்கு நான் யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

இந்தப் பங்குனியில் ஆடு மேய்க்கிற இடத்திலேயே அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. பங்காளி லிங்கராஜ் பின்னால் ஒருத்தனை ஏற்றி, அண்ணனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தான். திருநெல்வேலியில் ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்துக்குப் பம்ப் பண்ணுகிற தெம்பு குறைந்திருக்கிறது, ஒரு மாசத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருக்க வேண்டும், செக்கப்பைக் கோவில்பட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். மதினி போய்ச் சேர்ந்து மூணு வருஷமாகிறது. மகன் செல்வக்குமார் துபாயில். அவன் போனில் அழுது கெஞ்சியதில், அண்ணன் ஒரு துணிப்பையோடு என் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"ஏட்டி ஆவுடை, உப்பில்லாம எதக் குடுத்தாலும் சாப்பிடுதேன். டாக்டரும் அதத்தான் சொல்லிருக்காரு."

டாக்டர் உப்பைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தார். அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அண்ணனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. நானும், "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உப்பு ஜாடியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத இட்லி, உப்பில்லாத சுண்டல். அவர் மெல்லுவதைப் பார்த்தால் வைக்கோலை மெல்லுகிற மாடு கூட இதைவிடச் சந்தோஷமாக மெல்லும் என்று தோன்றும். நாலு வாய்க்கு மேல் இறங்காது. "போதும் தாயி" என்று தட்டைத் தள்ளிவிடுவார். பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போனது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். செக்கப்புக்குப் போனபோது எடை மூணு கிலோ குறைந்திருந்தது.

"இப்படியே போனா உடம்பு தாங்காதும்மா. புரதம் உள்ள போகணும்" என்றார் கோவில்பட்டி டாக்டர். "கறி வேண்டாம், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். டோஃபு குடுத்துப் பாருங்க. சோயாவில் செய்யற பன்னீர்."

எண்ணெய் இல்லாமல், உப்பு இல்லாமல், கறியும் இல்லாமல் ஒரு மனிதனை எப்படிச் சாப்பிட வைப்பது? முப்பது வருஷ அனுபவத்தில் இதற்குப் பதில் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மாரிசெல்வியிடம் போனில் புலம்பினேன். நாலாம் நாள் கூரியரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஏர் ஃப்ரையர். கறுப்பாக, ஆட்டுக்கல் உயரத்துக்கு, முன்னால் ஒரு இழுப்பறையோடு இருந்தது.

"எம்மா, இது சூடான காத்துலயே பொரிச்சிரும். எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். வீடியோ அனுப்பிருக்கேன், அதப் பாத்துச் செய்யி. மாமாவுக்குப் புடிக்கும்" என்றாள்.

வீடியோ இந்தியிலோ என்னவோ. பேச்சு ஒரு எழவும் புரியவில்லை. கையைப் பார்த்தால் போதாதா? சமையலுக்குப் பாஷை எதற்கு? அந்தப் பெண் வெள்ளைக் கட்டியைத் துண்டில் சுற்றிப் பிழிந்தாள். சதுரமாக வெட்டினாள். மிளகாய்ப்பொடி போட்டாள், பூண்டு போட்டாள், வெள்ளை மாவு போட்டாள். ஒரு பாட்டிலிலிருந்து கறுப்பாக ரெண்டு கரண்டி ஊற்றினாள். கடைசியாக உப்பு. உப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் அப்படியே செய்வது என்று முடிவு பண்ணினேன். புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் போனைக் காட்டி அதே மாதிரி பாட்டில், அதே மாதிரி மாவு, ஃப்ரிட்ஜிலிருந்து டோஃபு எல்லாம் வாங்கினேன். பாட்டிலில் எழுதியிருந்தது பூராவும் இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழ்.

முதல் நாள் மூக்கு உடைபட்டது. டோஃபுவைத் துணியில் சுற்றி மேலே குழவியை ஏற்றிவைத்தேன். ஊருக்கெல்லாம் சமைத்த கைக்கு அளவு தெரிய வேண்டாமா? அரைமணி கழித்துத் திறந்து பார்த்தால் கட்டி, புட்டு மாதிரி உதிர்ந்து கிடக்கிறது. அதையே உருட்டிப் பொரித்தேன். வெளியே கருகல், உள்ளே கொழகொழ. வீட்டுக்காரர் மணியாச்சியில் ரயில்வே வேலை முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். "சுண்ணாம்புக் கட்டிய எதுக்குட்டி சுட்டு வச்சிருக்க?" என்றார். அன்றைக்கு ஆரம்பித்து கடைசிவரைக்கும் அவர் அதை வாயில் வைக்கவில்லை. அவருக்கு நெத்திலியும் வத்தக்குழம்பும் இருந்தால் போதும்.

ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். தண்ணீர் போக வேண்டும், உடையக் கூடாது. இதற்கு எதற்குக் குழவி? எங்கள் ஊரில் எதிலிருந்து தண்ணீரை எடுக்க வேண்டுமென்றாலும் வெயில் இருக்கிறதே. மிஞ்சின ஆட்டுக்கறியை மஞ்சளும் மிளகாயும் தடவிக் கயிற்றில் கோத்து உப்புக்கண்டம் போடுகிறவர்கள் நாங்கள். சுண்டைக்காயில் ஆரம்பித்து கொத்தவரங்காய் வரைக்கும் மாடியில் காயாதது எது?

மறுநாள் டோஃபுவைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டினேன். விளாத்திகுளம் மிளகாய் வத்தலை வறுத்து இடித்த பொடி, இஞ்சி, பூண்டு, சீரகம், எலுமிச்சை, அந்தக் கறுப்புச் சாஸ். வீடியோவில் ரெண்டு கரண்டி. டோஃபு நிறம் பிடிக்கவில்லையே என்று நான் நாலு கரண்டி ஊற்றினேன். பிரட்டி, மூங்கில் சுளகில் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணியைக் கட்டி மொட்டை மாடியில் வைத்தேன். பங்குனி வெயில், காலை பத்து மணிக்கே தரை சுட்டது. காக்கா ரெண்டு சுற்றிச் சுற்றி வந்து, இது என்ன சாமான் என்று புரியாமல் போய்விட்டது. அரைமணியில் ஒவ்வொரு துண்டும் தண்ணீர் வற்றி மேலே தோல் கட்டியிருந்தது. மாவில் புரட்டி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் தடவி, இழுப்பறையில் அடுக்கி, இருநூறில் வைத்துப் பதினஞ்சு நிமிஷம். நடுவில் ஒரு தடவை குலுக்கிவிட்டேன். இழுத்துப் பார்த்தால் சிவக்கச் சிவக்க, தட்டில் கொட்டும்போது கலகலவென்று சத்தம் கேட்டது. வெங்காயம் நறுக்கிப் போட்டு, கறிவேப்பிலையையும் அதிலேயே மொறுமொறுப்பாக்கித் தூவினேன்.

அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஈரலா?" என்றார்.

"சோயாண்ணே. டாக்டர் சொன்னது."

வாயில் வைத்தார். ஒரு கடி கடித்தார். மொறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் மெல்லாமல் அப்படியே இருந்தார். காரம் தூக்கிவிட்டதோ என்று தண்ணீரை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"இதுல என்னட்டி போட்ட?"

"மொளகாப்பொடி, பூண்டு, எலுமிச்ச, கடையில வாங்கின சாஸு. உப்பு மட்டும் போடலண்ணே. சத்தியமாப் போடல. நீங்க நம்பலாம்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். மெல்லத் தொடங்கினார். தட்டில் இருந்தது பூராவையும் சாப்பிட்டார். வெங்காயத்தைக் கூட விடவில்லை. பதினோரு வருஷத்தில் என் வீட்டில் அண்ணன் ஒரு தட்டைக் காலி பண்ணியது அன்றைக்குத்தான். உப்பில்லாத சாப்பாடு கணக்கில் வராதுதான். வராவிட்டால் போகட்டும் என்று இருந்தது எனக்கு. தட்டைக் கழுவும்போது பாட்டுக் கூட வந்தது.

அதற்கப்புறம் தினமும் அதுதான். சித்திரைக் கொடைக்கு வந்த ரெண்டு சமையலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் பிரட்டிக் காயவைப்பது, மத்தியானம் ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் அண்ணன் கட்டிலில் நேராக உட்கார்ந்துகொள்வார். ஏர் ஃப்ரையர் மணி அடித்ததும் அடுப்படிப் பக்கம் தலை திரும்பும். சாப்பிட்டுக்கொண்டே லிங்கராஜுக்குப் போன் போட்டுக் கிடையை எங்கே போட்டிருக்கிறான், சினையாடு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். குரலில் பழைய அதட்டல் வந்திருந்தது. நான் தினமும் தட்டைப் படம் எடுத்து மாரிசெல்விக்கு அனுப்புவேன். "மாமா ஃபுல்லா சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். காலித் தட்டையும் படம் எடுத்து அனுப்புவேன்.

ஒன்று மட்டும் கவனித்தேன். அடிக்கடி தண்ணீர் கேட்டார். காரம்தானே என்று மிளகாயைக் குறைத்தேன். அப்படியும் கேட்டார். சித்திரை வெயில், யாருக்குத்தான் தாகம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் செக்கப். அண்ணனுக்கு முகம் உப்பியிருந்தது. தேறிவிட்டார் என்று நான் நினைத்தேன். எடை நாலு கிலோ கூடியிருந்தது. என் நெஞ்சு நிமிர்ந்தது. டாக்டர் சந்தோஷப்படவில்லை. அண்ணன் கணுக்காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது சதை இல்லம்மா, நீர். உப்பு எவ்வளவு போடறீங்க?"

"உப்பா? ஒரு கல்லு கூடப் போடல டாக்டர்."

"போடாம இப்படி வீங்காது."

எனக்கு வந்ததே கோபம். "நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? கூடப் பொறந்த அண்ணன் இவிய. ஒரு மாசமா எங்க வீட்டுல உப்பில்லாமத்தான் சாப்பிடுதாவ. சாமி சத்தியம்! வேணும்னா பாருங்க" என்று போனை எடுத்து, தினமும் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸ் அழகுத்தாய் எட்டிப் பார்த்தாள். ஒரு படத்தில் விரலை வைத்துப் பெரிசாக்கினாள். சுளகு, டோஃபு, ஓரத்தில் அந்தப் பாட்டில்.

"இது சோயா சாஸ்லாக்கா? எத்தன கரண்டி ஊத்துதீங்க?"

"நாலு. நெறத்துக்கு."

"அக்கா, இது முழுக்க உப்பு. ஒரு கரண்டி ஊத்தினாலே ஒரு நாள் உப்புல பாதி போயிரும். நீங்க நாலு ஊத்தி, அதயும் காயவச்சு..." என்று நிறுத்திவிட்டாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்காவது தெரியலையா ஐயா? நாக்குல பட்டதும் தெரியுமே."

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "தெரியல சார்" என்றார்.

நீர் போக மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நல்ல வேளை, பத்து நாளோடு வந்தீர்கள், இன்னும் பத்து நாள் போயிருந்தால் மூச்சுத் திணறி அட்மிட் பண்ண வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஆட்டோவில் அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என் அண்ணனைக் கொல்லப் பார்த்தது என் கைதான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப மண்டைக்குள் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் நேரே ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நேற்றுச் சாயங்காலத்து டோஃபு நாலு துண்டு கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். முப்பது வருஷத்தில் நான் சமைத்ததை, அடுத்தவருக்கு வைத்ததை, நான் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை.

உப்பு! தூத்துக்குடி உப்பளத்தில் நின்று நாக்கை நீட்டின மாதிரி அப்படி ஒரு உப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை வாயில் வைத்தவருக்கு உப்புத் தெரியவில்லை என்றால் நாக்கே இல்லை என்றுதான் அர்த்தம். என் அண்ணனுக்கு நாக்கு இருக்கிறது. காபியில் சீனி அரை ஸ்பூன் கூடினாலே சொல்கிற மனிதர்.

துப்பவில்லை. முழுங்கினேன். கிண்ணத்தோடு போய் அவர் கட்டில் முன்னால் நின்றேன். பயமும் கோபமும் சேர்ந்து வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும்.

"இது ஒமக்கு உப்பாத் தெரியலயா? டாக்டர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீரு? பத்து நாளா இத முழுங்கிட்டு, கால் வீங்கி, மூச்சு முட்டி... எதாவது ஆயிருந்தா செல்வக்குமாருக்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீரு?" அண்ணனை அப்படி நான் பேசியதே இல்லை. 'ஒமக்கு', 'சொன்னீரு' எல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் தலையைக் குனிந்து கால் வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி முடித்துத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, தொண்டையில் இருந்தது தானாக வந்தது.

"அண்ணே, அன்னைக்குப் பந்தியில நான் பேசினது தப்பு. என் கையிக் கவுரவம் போவக் கூடாதுன்னு ஒங்களச் சபையில வித்துட்டேன். அது பொலிகிடான்னு மதினி சொல்லித்தான் தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே வந்திருக்கணும். வரல. கல்யாணத்தன்னைக்கு நீங்க ஓட்டலுக்குப் போனப்பவாவது பின்னாலேயே வந்து கையப் புடிச்சிருக்கணும். அதுவும் செய்யல. என்னய மன்னிச்சிருங்க."

பதினோரு வருஷம் தூக்கிச் சுமந்த பேச்சு, சொல்லி முடிக்க அரை நிமிஷம் கூட ஆகவில்லை.

அண்ணன் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார். வெளியே யாரோ தண்ணீர் லாரியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு, சடங்கு வீட்டில் பேசின அதே சின்னக் குரலில் பேசினார்.

"முத நாளே தெரிஞ்சிட்டுட்டி. வாயில வச்சதும் தெரிஞ்சிட்டு. நீ வேணும்னு போட்டிருந்தா ஒன் மொகத்துலயே தெரிஞ்சிருக்கும். ஒனக்குத் தெரியாதுன்னு பாத்ததும் புரிஞ்சிட்டு."

"அப்ப சொல்லிருக்கலாம்லா?"

"உப்பு இருக்குன்னு சொன்னா, அன்னைக்குச் சொன்ன சொல்லுக்கு நான் தட்ட வச்சிட்டு எந்திரிக்கணும்லா." அவர் என் பக்கம் பார்க்கவில்லை. "ஒன் வீட்டுல இன்னொரு தரம் எந்திரிக்க எனக்கு மனசு வரல, ஆவுடை."